அறுநூற்றைம்பது மில்லிமீட்டர்

…ஆறரைக்கு எழுந்து, பல் துலக்கி, பால் பாக்கெட்டின் மூலையைக் கத்தரித்து, குனிந்து அடுப்பைப் பற்றவைத்து, நிமிரும்போது மேல் அலமாரியின் விளிம்பில் நெற்றியை இடித்துக்கொண்டு, தேய்த்துவிட்டுக்கொண்டு, நின்றபடியே டீயைக் குடித்து, தம்ளரைக் கழுவிக் கவிழ்த்து… இதில் நெற்றியை இடித்துக்கொள்வதும் ஒரு வேலை, எட்டு மாதமாக ஒருநாளும் தவறியதில்லை. அலமாரியைச் செய்தது அவனேதான். வீடுகளுக்குச் சமையலறை அலமாரி அளவெடுத்து வரைந்து கொடுப்பது அவன் தொழில், போகிற இடத்திலெல்லாம் முதல் கேள்வி, யார் சமைப்பாங்க, அவங்களை இங்க நிக்கச் சொல்லுங்க, கையைத் தூக்கச் சொல்லுங்க. இங்கேயும் மனைவியை நிற்கவைத்து, குதிகால் எழும்பக் கூடாது என்று அதட்டி, விரல் நுனி தொட்ட இடத்தில் பென்சிலால் கோடு போட்டான். நூற்று எண்பத்தைந்து சென்டிமீட்டர். மேல்தட்டு அந்தக் கோட்டில். அவளுக்கு எட்டியது, அவனுக்கு இடித்தது. நல்லா வேணும், ஒட்டடைக்குச்சி மாதிரி வளரச் சொல்லி யாரு உங்ககிட்ட அழுதா என்பாள். கழற்றி உயர்த்திவிடலாம், அரைமணி நேர வேலை. ஏன் செய்யவில்லை? நேரமில்லை. நேரம் இருந்தது, இன்று சனிக்கிழமை.

பத்து மணிக்கு அவள் தங்கை வந்தாள், கிட்டாருக்காக. போன வாரமே போனில் கேட்டிருந்தாள், அக்கா கிட்டார் சும்மாதானே மாமா கிடக்கு, நான் கத்துக்கறேன். எடுத்துக்கோ என்றான், அவ்வளவு சுலபமாக வாயில் வந்தது அவனுக்கே ஆச்சரியம். படுக்கையறை அலமாரியின் மேலிருந்து எம்பாமல் எடுத்தான், உறைமேல் விரல் கனத்துக்குத் தூசி. கடையில் கம்பி மாற்றிக்கொண்டு அப்படியே கொண்டுபோய்விடுவாள், வீட்டில் ஒரு பொருள் குறையும். மூன்று மாதம் கற்றுக்கொண்டு மனைவி கைவிட்ட சாமான், அவன் ஆசையாக வாங்கிக் கொடுத்து அவள் கைவிட்டது, பார்க்கும்போதெல்லாம் தோன்றும், பரிசைக்கூடச் சரியாகக் கொடுக்கத் தெரியாதவன் என்று… ஆட்டோவில் தங்கை மறுபடி ஆரம்பித்தாள். அன்னைக்குக் காலையில அக்கா கடைசியா என்ன மாமா சொன்னா, அம்மா இன்னும் கேட்டுக்கிட்டே இருக்கா. சாப்பிட்டுட்டுப் போங்கன்னு சொன்னா. துக்க வீட்டில் முதல் நாள் யாரோ கேட்டுவிட்டு முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள், எதையாவது கொடுத்தாக வேண்டியிருந்தது, கொடுத்தான், அதைக் கேட்டு வீடே அழுதது, பிறகு அதுவே உண்மையாகிவிட்டது. அலுவலகத்தில் பதினோரு மணிக்கு மேசைமேல் சாய்ந்தாளாம், தலையில் ரத்தக்குழாய் வெடித்தது என்றார்கள், அவன் போய்ச் சேர்ந்தபோது பேச ஆள் இல்லை.

கடைக்காரர் பருமனான ஆள், கண்ணாடியை நெற்றிமேல் ஏற்றிவிட்டு அதையே தேடிக்கொண்டிருந்தார். யாரு சார் வாசிக்கப் போறது, நீங்களா மேடமா? மேடம், கையை விரிங்க. ஸ்கேலு இங்கதான் இருந்துச்சு, என்னை மாதிரியே அதுவும் நேரத்துக்கு ஆகாது. அவன் பையிலிருந்து டேப்பை எடுத்தான், அது எப்போதும் பையில் உண்டு. கட்டைவிரல் நுனியிலிருந்து சுண்டுவிரல் நுனிவரை, பதினெட்டரை சென்டிமீட்டர். அக்காவும் தங்கையும் வளையலை மாற்றி மாற்றிப் போட்டுக்கொள்வார்கள், ஒரே கை. கடைக்காரர் உதட்டைப் பிதுக்கினார். இந்தக் கைக்கு இது வேண்டாம் சார், இதுல கம்பி நீளம் அறுநூத்தைம்பது மில்லி, மேடத்துக்கு அறுநூறு போதும், ஒரு சுத்து சின்னது. பெரியவங்கன்னா பெரிய கிட்டார்னு உங்களுக்கு யார் சொன்னது? செருப்பு வாங்கறப்ப வயசையா கேக்கறாங்க? யாரும் சொல்லவில்லை. இணையத்தில் ஒரு பட்டியல், ஐந்திலிருந்து எட்டு வயது, ஒன்பதிலிருந்து பதினொன்று, பன்னிரண்டுக்கு மேல் முழு அளவு. மனைவிக்கு அப்போது இருபத்தொன்பது. ஊரார் சமையலறையில் கரண்டி தொங்கும் ஆணிக்குக்கூட அளவெடுத்தவன், பக்கத்தில் படுத்துத் தூங்கின கையை ஒருதடவை விரித்துப் பார்க்கவில்லை. சுண்டுவிரலை நீட்டி நீட்டி, கம்பி முழுசாக அமுங்காமல் கரகரவென்று… கை பத்தலைங்க என்றாள். பழகினா வரும், உனக்கு எல்லாத்துக்கும் ஒரு சாக்கு என்றான். பிறகு அந்தச் சத்தம் அவன் காதில் விழவில்லை.

கம்பியைத் தளர்த்திக்கொண்டிருந்தவர் நிறுத்தினார், இதை யாரோ நல்லா வாசிச்சிருக்காங்களே. இல்லீங்க, சும்மா கிடந்தது. சும்மா கிடந்தா இப்படியா தேயும், தடவிப் பாருங்க சார், கழுத்துல குறுக்கா பதிச்சிருக்கற ஃப்ரெட்டுல முதல் ரெண்டு அப்படியே புதுசு, மூணாவதுலேர்ந்து கம்பி பட்டுப் பட்டுப் பள்ளம் பள்ளமா இருக்கு. தங்கை உறையின் சின்னப் பைக்குள் கைவிட்டு ஒரு கிளிப்பை எடுத்தாள், ரப்பர் ஒட்டினது, ரப்பரில் ஆறு கம்பியின் தடமும் இருந்தது. அதேதான், கேப்போ என்றார் கடைக்காரர், ரெண்டாவது ஃப்ரெட்டுல இதைப் போட்டு இறுக்கிட்டா கம்பி குட்டையாயிடும், கை எட்டும், கெட்டிக்காரங்க, ஒரு வருஷமாவது வாசிச்சிருப்பாங்க. ஒரு வருஷம். அவள் நாலு மணிக்கு வீட்டுக்கு வருவாள், அவன் ஏழு மணிக்கு. நடுவில் மூன்று மணி நேரம், அந்த வீட்டில் அவனுக்குத் தெரியாத ஒரு சத்தம். ஏன் சொல்லவில்லை? வாங்கிக் கொடுத்தவன் மனசு கோணக் கூடாதென்றா, நன்றாக வந்த பிறகு ஒருநாள் உட்காரவைத்துக் காட்டலாமென்றா, இல்லை, அவன் இல்லாத நேரம்தான் அவளுக்குப் பிடித்திருந்ததா… யாரைக் கேட்பது.

மாமா, புதுசு வேண்டாம், இதையே வெச்சுக்கறேன், கிளிப்பு இருக்கே என்றாள் தங்கை, மூக்கை உறிஞ்சிக்கொண்டு. அவன் தலையாட்டினான். கையில் டேப் இன்னும் நீண்டே இருந்தது. படுக்கையறை அலமாரி இருநூற்றுப் பத்து. அவள் எட்டுவது நூற்று எண்பத்தைந்து. இரண்டு எண்ணும் மனப்பாடம், அவள் இறந்த அன்று காலையிலும் மனப்பாடம். கட்டில் ஓரம் சாத்தியிருந்த கிட்டாரில் கால் தடுக்க, யாரும் தொடாத சாமான் எதுக்கு வழியில என்று ஒரே வீச்சில் மேலே தூக்கி வைத்தான். அவள் ஈரத் தலையோடு வாசற்படியில் வந்து நின்றாள், வாயில் கவ்வியிருந்த ஹேர்பின்னை எடுத்துவிட்டுத்தான் சொன்னாள். அவன் சாப்பிட்டு முடித்திருந்தான், சாப்பிடச் சொல்ல ஒன்றுமில்லை. எட்டி என்ன பண்ணப் போற என்று சிரித்துவிட்டுச் செருப்பை மாட்டினான், பதில் வந்ததா என்றுகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

உங்க அக்கா சாப்பிட்டுட்டுப் போங்கன்னு சொல்லல என்றான். தங்கை நிமிர்ந்து பார்த்தாள். பின்ன என்ன மாமா சொன்னா?

"மேல வைக்காதீங்க… எனக்கு எட்டாது."