மேல் டிவிஷன் மண் ரோடு

பதினேழு வருடப் பயணங்களும் கிருஷ்ணப்ரியாவின் நினைவில் தனித்தனியாக இல்லை. எல்லாம் கலந்து ஒரே நீண்ட செம்மண் ரோடாகிவிட்டிருந்தன. அந்த ரோட்டில் எப்போதும் காலை வேளைதான். மழை சற்று முன்புதான் ஓய்ந்திருக்கும். ஜீப் முதல் கியரில் முனகிக்கொண்டே ஏறும். யானைச் சாணத்தில் ஆவி பறந்தது எந்த வருடம், ஏலக்காட்டுக்குள் வழிதவறிப் போய் ஒரு அங்கன்வாடி வாசலில் நின்றது எந்த வருடம் என்று கேட்டால் அவளால் சொல்ல முடியாது.

பாலக்காட்டுக் கல்பாத்தியில் பிறந்து வளர்ந்தவள். கஞ்சிக்கோட்டில் ஒரு தொழிற்சாலையின் பரிசோதனைக் கூடத்தில் வேலை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. முப்பத்தேழாவது வயதில், உடன் வேலை பார்த்தவளின் கல்யாணத்துக்கு மலைமேல் இருக்கும் வண்டிப்பெரியார் போயிருந்தாள். திரும்பும் நாளில் மெயின் ரோட்டில் மரம் விழுந்து பஸ்கள் நின்றுவிட்டன. ஸ்டாண்டில் இருந்த ஒரு ஜீப்பில் ஏறினாள். ஓட்டியது ஒரு பெண். பெயர் ராமுத்தாய். கணவன் மாரீஸ்வரன் இடுப்பில் அடிபட்டுப் படுத்த பிறகு அவனுடைய ஜீப்பை அவள்தான் ஓட்டினாள். தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே, வரைபடத்தில் இல்லாத மண் பாதைகள் வழியாக அவள் கிருஷ்ணப்ரியாவைக் குட்டிக்கானத்தில் கொண்டுபோய் இறக்கிவிட்டாள். இரண்டரை மணி நேரம் ஆயிற்று. கிருஷ்ணப்ரியாவுக்கு இறங்க மனமில்லை.

அடுத்த வருடம் ஓணம் முடிந்ததும் ராமுத்தாய்க்குப் போன் செய்துவிட்டுத் திரும்ப வந்தாள். அதன்பிறகு ஒவ்வொரு வருடமும் நான்கு நாட்கள்.

"சேத்தையும் பாறையையும் பாக்கறதுக்கு யாராவது லீவ் போடுவாளா?" என்பான் அவள் தம்பி வெங்கி. அவள் சிரிப்பாள். அந்த நான்கு நாட்களில் தனக்குள் என்ன நடக்கிறதென்று அவளுக்கே சொல்லத் தெரியவில்லை. மூடுபனிக்குள் ஜீப் நுழையும்போது சில்வர் ஓக் மரங்கள் ஒவ்வொன்றாகக் கரைந்துபோகும். கொழுந்து கிள்ளும் பெண்களின் குரல் மட்டும் எங்கிருந்தோ வரும். தான் விழித்திருக்கிறோமா என்று அவளுக்குச் சந்தேகமாக இருக்கும். அந்தச் சந்தேகம் பிடித்திருந்தது.

எல்லாப் பாதைகளிலும் அவள் மனம் ஒன்றியது, எஸ்டேட்டின் மேல் பகுதிக்கு ஏறும் மேல் டிவிஷன் ரோட்டில்தான். ஏழு கிலோமீட்டர். வழியில் இரண்டு ஓடைகள் குறுக்கே ஓடும். பாலம் கிடையாது, தண்ணீருக்குள் இறங்கித்தான் ஏற வேண்டும். இரண்டாவது ஓடையைத் தாண்டியதும் ஒரு வளைவு. பள்ளத்தாக்கிலிருந்து பனி எழும்பி வந்து அங்கே ரோட்டைக் கடக்கும்.

"ராமு, இங்க செத்த நிறுத்தேன்" என்பாள் கிருஷ்ணப்ரியா.

ராமுத்தாய் நிறுத்துவாள். ஜீப்புக்குப் பின்னால் போய்ப் பள்ளத்தாக்குக்கு முதுகு காட்டி நின்றுகொள்வாள். தினமும் பார்க்கிறவளுக்கு இதில் என்ன இருக்கப்போகிறது என்று கிருஷ்ணப்ரியா நினைத்துக்கொள்வாள்.

கடந்த மூன்று வருடங்களாக மேல் டிவிஷனுக்குப் போகவில்லை. ஒரு வருடம் மண் சரிந்து கிடக்கிறது என்றாள் ராமுத்தாய். அடுத்த வருடம் எஸ்டேட்காரர்கள் கேட்டைப் பூட்டிவிட்டார்கள். போன வருடம் யானைக் கூட்டம்.

இந்த வருடம் கிருஷ்ணப்ரியா விடவில்லை. முதுகெலும்பு தேய்கிறது, குலுங்கும் பயணம் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

"இனிமே வர முடியுமோ என்னவோ. நேக்கு அந்த ரோட்டை ஒரு தடவை பாக்கணும், கேட்டியா."

ராமுத்தாய் கியரைப் போட்டாள். "சரிக்கா" என்றாள்.

தோட்டத்து எல்லையில் திரும்பியதும் சாம்பல் நிறத்தில் கான்கிரீட் ரோடு. வழுக்காமலிருக்கக் குறுக்கே கோடு கிழித்திருந்தார்கள். ஓரத்தில் ஓடிய வாய்க்காலில் நேற்றைய மழைத்தண்ணீர்.

வழி மாறிவிட்டதென்றுதான் கிருஷ்ணப்ரியா முதலில் நினைத்தாள். பிறகு இடப்பக்கம் அந்தப் பெரிய பாறை வந்தது.

"எப்போ போட்டா?"

"மூணு வருஷமாச்சுக்கா."

"சொல்லப்படாதோ?"

"எப்படிச் சொல்ல? போடச் சொல்லி மனு எழுதிட்டுத் திரிஞ்சதே நான்தான். லயத்துல வீடு வீடாப் போயி கையெழுத்து வாங்குனேன். பஞ்சாயத்துக்கும் கலெக்டரேட்டுக்கும் ஆறு வருஷம் நடந்தேன். நீங்க வர்ற நாலு நாளு மட்டும் வாயத் தொறக்க மாட்டேன்."

இத்தனை வருடங்களாக இருவரும் இன்ஜின் சத்தத்துக்கும் குலுக்கலுக்கும் மேலே கத்தித்தான் பேசியிருக்கிறார்கள். இப்போது ராமுத்தாய் தாழ்ந்த குரலில் பேசியதெல்லாம் தெளிவாகக் கேட்டது. அது இவ்வளவு மெல்லிய குரல் என்பது கிருஷ்ணப்ரியாவுக்குத் தெரியாது.

முதல் ஓடை குழாய்க்குள் புகுந்து போயிற்று. இரண்டாவதும் அப்படியே. வளைவில், யாரும் சொல்லாமலே ராமுத்தாய் ஜீப்பை நிறுத்தினாள். இறங்கவில்லை.

"கற்பகம்னு எனக்கு ஒரு தங்கச்சி, மேல் டிவிஷன்ல இருக்கான்னு சொல்லியிருக்கேன்ல. பதினோரு வருஷத்துக்கு முந்தி, ஜூன் மாசம். பேய் மழை. அவளுக்கு வலி வந்துட்டுன்னு போன் வந்துச்சு. போயி ஏத்திட்டு இறங்குனா, ஓடையில தண்ணி சீட்டு ஒசரத்துக்குப் போகுது. வத்தட்டும்னு இந்த வளைவுல நின்னோம். ஒன்றரை மணி நேரம். இங்கதான் பெறந்துச்சு. ஆம்பளப் புள்ள. அழவே இல்லக்கா."

பனி எழும்பி வந்து ஜீப்பின் முன்பக்கத்தை மூடியது. கிருஷ்ணப்ரியா மனதுக்குள் கணக்குப் பார்த்தாள். அந்த வருடமும் ஓணம் முடிந்து வந்திருந்தாள். இதே இடத்தில் நிறுத்தச் சொல்லியிருந்தாள். அன்று தான் சொன்னதும் வார்த்தை மாறாமல் நினைவுக்கு வந்தது. 'இந்த ரோடு இப்படியே இருக்கணும் ராமு. யாரும் வந்து தார் கீர் போட்டுடப்படாது.'

"ஒவ்வொரு வருஷமும் உன்னை இங்க நிறுத்தச் சொன்னேனே. நான் எப்பேர்ப்பட்ட மடச்சியாக்கும்."

"இல்லக்கா. முதல் வருஷம் கோவம் வந்துச்சு, பொய் சொல்லல. இவுகளுக்கு என்ன தெரியும்னு நெனச்சேன். பொறவு நீங்க வர்ற மாசம் வந்தா நானே எதிர்பாக்க ஆரம்பிச்சேன். தனியா வரும்போது நான் இங்க நிறுத்துறதே இல்ல. கண்ண மூடாத குறையா ஓட்டிட்டுப் போயிருவேன். நீங்க நிறுத்தச் சொல்லுறதாலதான் வருஷத்துக்கு ஒருக்கா அந்தப் புள்ளகிட்ட நின்னேன்."

கிருஷ்ணப்ரியா அவள் கையைப் பற்றிக்கொண்டாள். விரல்கள் கியர் கம்பியைப் போலக் குளிர்ந்திருந்தன. பனி விலகித் தேயிலைச் சரிவு தெரிந்தது. கீழே எங்கோ ஒரு ஆட்டோ ஹாரன் அடித்துக்கொண்டு ஏறி வந்தது. ராமுத்தாய் ஜீப்பை ஓரம் ஒதுக்கினாள். ஆட்டோவுக்குள் யூனிபார்மில் ஐந்தாறு பிள்ளைகள். அவர்களில் ஒருத்தி, "பெரியம்மா!" என்று கத்திக் கையாட்டினாள்.

"கற்பகத்தோட மவ. அனுப்பிரியா. இவ வண்டிப்பெரியார் ஆஸ்பத்திரியில பெறந்தா. பெறக்கறதுக்குப் பத்து நாளு முந்தியே கற்பகத்தக் கீழ கூட்டியாந்து எங்க வீட்டுல வச்சிக்கிட்டேன்."

தொழிலாளர் வீடுகள் வரிசையாக இருந்த லயத்தில் கற்பகம் வாசலிலேயே நின்றாள். அக்காளின் அதே சாயல், இன்னும் ஒல்லி. கிருஷ்ணப்ரியாவை மேலும் கீழும் பார்த்தாள்.

"மண்ணு ரோடு புடிச்ச பாலக்காட்டு அக்கா நீங்கதானா? இத்தன வருஷமா இவ வாயில உங்க பேச்சுதான். ஒரு நாளாவது வீட்டுக்குக் கூட்டியாந்தாளா பாருங்க."

மரவள்ளிக் கப்பக்கிழங்கை வேகவைத்து, காந்தாரி மிளகாய் அரைத்த சம்மந்திச் சட்னியோடு கொடுத்தாள். பால் விடாத கட்டன் சாயா வந்தது. கிருஷ்ணப்ரியாவுக்குக் காரத்தில் கண்ணீர் வழிந்தது. துடைத்துக்கொண்டே, "ரோடு நன்னா இருக்கு, கற்பகம்" என்றாள்.

"என்னத்த நல்லாருக்கு? மழ பெஞ்சா பாசி புடிச்சு வழுக்குது. ரெண்டு பைக்கு விழுந்துட்டு" என்றாள் கற்பகம். "இன்னும் ரெண்டு கிழங்கு வச்சுக்கங்க."

அனுப்பிரியா கிருஷ்ணப்ரியாவின் மடியில் சாய்ந்து அவள் கைக்கடிகாரத்தைத் திருகிக்கொண்டிருந்தாள். அக்காளும் தங்கையும் அடுப்பருகே ஏதோ பேசிச் சிரித்தார்கள்.

ஐந்தரை மணிக்குத் திரும்பினார்கள். மலை முழுக்கப் பனி இறங்கியிருந்தது. ஜீப் ஓசையில்லாமல் வெண்மைக்குள் இறங்கிப் போயிற்று. முதல் ஓடையைக் கடப்பதற்குள் கிருஷ்ணப்ரியாவின் தலை கம்பியில் சாய்ந்துவிட்டது. ராமுத்தாய் ஒரு கையால் தன் சால்வையை எடுத்துக் கம்பிக்கும் அவள் தலைக்கும் நடுவே கொடுத்தாள். பிறகு வேகத்தைக் குறைத்தாள். மெயின் ரோடு வந்த பிறகும் அவளை எழுப்பவில்லை.