ஏழு லீவர்

திண்டுக்கல்லில் பிறந்தவனுக்கு லீவர் என்றால் பூட்டுதான். உங்களுக்கு அது வேறு எதுவாக வேண்டுமானாலும் இருக்கட்டும். எங்களுக்கு அது பூட்டுக்குள் சாவி தூக்குகிற பித்தளைத் தகடு. நாலு லீவர், ஆறு லீவர், ஏழு லீவர் என்று தகடு கூடக் கூடப் பூட்டின் மதிப்பும் கூடும். என் அப்பா முப்பது வருடம் அந்தத் தகடுகளுக்கு அரம் போட்டவர். இதையெல்லாம் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என்னை முட்டாள் என்று சொல்ல வருபவர்கள் கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொல்லலாம்.

1975இல் நான் துபாயில், தேராவில், ஒரு ஹார்டுவேர் கடையில் கிளார்க். ஆணி முதல் சிமென்ட் கலக்கும் மிஷின் வரை விற்கிற கடை. முதலாளி ராஸ் அல் கைமா மலைப்பக்கத்துக்காரர். எங்கள் விசாவுக்குப் பொறுப்பான கஃபீலும் அவரே, பாஸ்போர்ட்டும் அவரிடமே. அர்பாப் என்றுதான் கூப்பிடுவோம். விற்பனையைப் பார்த்துக்கொண்டவர் கீழக்கரை நூஹு பாய். ஆர்டர் எழுதுவது, டைப் அடிப்பது என் வேலை.

இரண்டு வருடத்துக்கு ஒரு லீவு என்பது பேச்சு. நான் வந்து மூன்று வருடம் முடிந்துவிட்டது. பம்பாயில் கப்பல் ஏறியபோது என் மனைவி நாகவள்ளி நான்கு மாதக் கர்ப்பம். மகளை நான் போட்டோவில்தான் பார்த்திருக்கிறேன், அவளும் என்னை அப்படித்தான். குழந்தைக்குக் காதுகுத்து இரண்டு முறை தள்ளிப்போயிருந்தது. 'மாமன் மடி தயாராக இருக்கிறது, அப்பாதான் இல்லை. பங்குனிக்கு நாள் குறிக்கவா வேண்டாமா என்று ஒரே வார்த்தை எழுதுங்கள்' என்று நாகவள்ளி எழுதியிருந்தாள். அர்பாபிடம் கேட்டேன். ஜனவரியில் மகன் கல்யாணம் முடிந்ததும் போகலாம் என்றார். குறி என்று எழுதிப் போட்டேன்.

அக்டோபரில் ஒருநாள் அர்பாப் வண்டியை நடுரோட்டில் நிறுத்திவிட்டு உள்ளே வந்தார். என் மேஜையில் ஒரு துண்டுச்சீட்டை வைத்தார். பேங்க் மேனேஜரான வெள்ளைக்காரரிடம் எழுதி வாங்கியது. லீவர் ஆக்‌ஷன், 30-30 என்று ஆங்கிலத்தில் இருந்தது.

"பையன் கல்யாணத்துக்கு. நல்லதா வரவழை. ஜல்தி" என்றார். வெளியே ஹாரன் சத்தம் கேட்டதும் போய்விட்டார்.

நூஹு பாய் அன்று ஷார்ஜா போயிருந்தார். இருந்திருந்தால் இந்தக் கதையே இல்லை. அர்பாப் மகனுக்குப் புது வீடு கட்டிக்கொண்டிருந்தார். கதவு, பீரோ, பெட்டி என்று பூட்டு வேண்டும்தானே. முப்பது பெரியது, முப்பது சின்னது என்று நான் எடுத்துக்கொண்டேன். ஆக்‌ஷன் ஏதோ மார்க்காக இருக்கும். அதை விடு, திண்டுக்கல் இருக்கும்போது வேறு மார்க் எதற்கு என்று எங்கள் தெருப் பட்டறைக்கே ஆர்டர் எழுதினேன். எல்லாம் ஏழு லீவர். அன்று எனக்குச் சோறுகூட ருசியாக இருந்தது.

டிசம்பர் கடைசியில் மரப்பெட்டி வந்து சேர்ந்தது. கல்யாணத்துக்குப் பத்து நாள். அர்பாப் மகனோடும் இரண்டு உறவுக்காரர்களோடும் வந்தார். பெட்டியை நான்தான் திறந்தேன். வைக்கோலை விலக்கி, பெரிய மாங்காய்ப் பூட்டு ஒன்றை இரண்டு கையாலும் எடுத்து நீட்டினேன்.

அர்பாப் வாங்கவில்லை. "பந்தூக் எங்கே?" என்றார்.

"துப்பாக்கியா? என்ன துப்பாக்கி, அர்பாப்?"

அவர் வலது கையை நீட்டி ஒரு சுழற்று சுழற்றி, எதையோ தட்டுவதுபோலக் காட்டினார். நூஹு பாய் பெட்டியைப் பார்த்தார், மேஜைமேல் இருந்த துண்டுச்சீட்டைப் பார்த்தார், தலையில் கை வைத்துக்கொண்டார். மகன் சிரித்துவிட்டான். உறவுக்காரர்கள் முன்னால் அப்படிச் சிரித்ததுதான் வினையாகிவிட்டது.

"கல்யாணத்துல பந்தூக் இல்லேன்னா உனக்கு லீவு மாஃபி, கிடையாது" என்றார் அர்பாப். கத்தவில்லை. கத்தியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும்.

அவர் போனபிறகு நூஹு பாய் விளக்கினார். "கௌபாய் படம் ஒண்ணு ஓடுச்சில்லப்பா, அர்பாபு மூணு தடவை பாத்தாரு. அதுல ஒருத்தன் துப்பாக்கிக்கு அடியில ஒரு வளையம் இருக்கும், அதுல விரலைவிட்டு ஒத்தக் கையால சுத்துவான். சுத்தும்போதே அடுத்த குண்டு ஏறிடும். அந்த வளையந்தான் லீவரு. முப்பது முப்பதுங்கறது குண்டோட சைசு. நீ முப்பது பெருசு முப்பது சிறுசுங்கற."

அவர்கள் ஊர்க் கல்யாணத்தில் ஆண்கள் வரிசையாக நின்று துப்பாக்கியைத் தூக்கிப்போட்டுப் பிடித்து ஆடுவார்கள். எல்லார் கையிலும் இருப்பதையே தானும் சுற்றினால் மாப்பிள்ளையின் அப்பனுக்கு என்ன மரியாதை. ஒரு மனிதன் துப்பாக்கிமேல் இப்படி ஆசை வைப்பான் என்று நான் நினைத்ததே இல்லை.

மறுநாளே இருவரும் தேட ஆரம்பித்தோம். சூக் என்கிற கடைத்தெருவில் துப்பாக்கி விற்கும் பலூச்சிக் கிழவர் ஒருவர் இருந்தார். சுவர் நிறைய மாட்டியிருந்தார். அதில் ஒன்றின் அடியில் லீவர் இருப்பதைப் பார்த்து எனக்கு உயிர் வந்தது.

"அது மார்ட்டினி" என்றார் கிழவர். நூஹு பாய் மொழிபெயர்த்தார். "ஒவ்வொரு குண்டுக்கும் திறந்து மூடணும். நீங்க கேக்கறது வயித்துல ஏழு குண்டு வெச்சிருக்கும். மார்ட்டினி எத்தனை வேணும், தரேன். த்ரீ நாட் த்ரீ வேணுமா, தரேன். அது மட்டும் மாஃபி."

"ஏன் மாஃபி?"

"மலைக்காரன் தூரத்துல நிக்கற ஆட்டைச் சுடணும். அதுக்கு அது ஆகாது. வாங்க ஆளில்ல, யாரும் கொண்டு வர்றதில்ல. படம் வந்தப்புறம் நீங்க அஞ்சாவது ஆளு."

நான்கு நாள் அலைந்தோம். ஷார்ஜா, அஜ்மான், ராஸ் அல் கைமா என்று போன இடமெல்லாம் இதே பதில். ஐந்தாம் நாள் அந்தக் கிழவரே ஆள் அனுப்பினார். ஜுமைராவில் ஒரு அமெரிக்கன், எண்ணெய்க் கம்பெனி இன்ஜினியர், வேலை முடிந்து நாளை மறுநாள் ஊருக்குப் போகிறான், அவனிடம் ஒன்று இருக்கிறது என்றார்.

அமெரிக்கன் நல்லவன். விற்கத் தயார் என்றான். ஆனால் துப்பாக்கி இரும்பு அலமாரிக்குள், அலமாரிச் சாவி போன வாரமே ஊருக்குப் போய்விட்ட அவன் மனைவியின் கைப்பையில். உள்ளே தோட்டாவும் இருப்பதால் கேஸ் வைத்து வெட்ட எந்த வெல்டரும் வரமாட்டேன் என்கிறான். அவன் கையை விரித்தான்.

நூஹு பாய் என்னைப் பார்த்தார். நான் பூட்டைப் பார்த்தேன். இங்கிலீஷ் பூட்டு, ஐந்து லீவர். வாசலில் கிடந்த குழந்தை சைக்கிளின் சக்கரத்திலிருந்து ஒரு கம்பியைக் கழற்றித் தரச் சொன்னேன். வளைத்து உள்ளே விட்டு, ஒவ்வொரு தகடாகத் தூக்கி நிறுத்த இருபத்தைந்து நிமிடம் ஆயிற்று. சட்டை நனைந்துவிட்டது. ஐந்தாவது தகடு ஏறியபோது, பொய் சொல்லவில்லை, என் மகள் முகம்தான் கண்ணில் வந்தது.

அமெரிக்கன் தோட்டா இல்லை என்று பார்த்துவிட்டு என் கையில் கொடுத்தான். கட்டையான, கனமில்லாத துப்பாக்கி. லீவரைக் கீழே தள்ளி மேலே இழுத்தேன். நல்ல பூட்டு விழுகிற சத்தம். இன்னொரு முறை செய்தேன். அர்பாப் ஏன் மூன்று தடவை படம் பார்த்தார் என்று அப்போது புரிந்தது.

போலீஸ் அனுமதியை அர்பாபே வாங்கிக்கொண்டார். கல்யாணத்தில் அவர் அதை ஒற்றைக் கையால் சுற்றினார். மூன்றாவது சுற்றில் முழங்கையில் அடித்துக்கொண்டது எனக்குத் தெரிந்தது, அவர் முகத்தில் தெரியவில்லை. மலையிலிருந்து வந்தவர்கள் எல்லாரும் வரிசையில் நின்று ஆளுக்கொரு முறை லீவரைத் தட்டிப் பார்த்துக் கொடுத்தார்கள்.

மறுவாரம் கடைக்கு வந்தவர் என் அறுபது பூட்டில் ஒன்றை எடுத்தார். துப்பாக்கியைப் பெட்டியில் பூட்டி வைக்க வேண்டும் என்பது போலீஸ் நிபந்தனை. லீவுக் காகிதம் என் மேஜையில் டைப் அடித்துத் தயாராக இருந்தது.

"சாவி தொலைஞ்சா இதை யாரால திறக்க முடியும்?" என்று கேட்டார்.

வாயை வைத்துக்கொண்டு நான் சும்மா இருந்திருக்கலாம். "எங்க ஊர்ப் பூட்டு, அர்பாப். ஏழு லீவர். துபாயில என்னை விட்டா யாராலயும் முடியாது" என்றேன்.

அர்பாப் தலையாட்டினார். "அப்ப நீ எப்படிப் போவே? சாவி போச்சுன்னா எனக்கு யாரு? அடுத்த வருஷம் பார்ப்போம்" என்று சொல்லிவிட்டுக் காகிதத்தைத் தள்ளி வைத்தார். என்னைப் பாராட்டுவதாகவே அவர் நினைத்தார்.

அவர் போனதும், "உன் வாயிலயே ஒரு பூட்டைப் போட்டுருக்கலாம்" என்றார் நூஹு பாய். எனக்குக் கோபம்கூட வரவில்லை. அழுகைதான் வந்தது.

பத்து நாள் கழித்து, மணல் புகுந்து சாவி இறுகுகிறது, எண்ணெய் போட்டுக் கொடு என்று டிரைவரிடம் பூட்டைக் கொடுத்தனுப்பினார். மத்தியானம் கடை அடைத்திருந்த நேரத்தில் மூடியைப் பிடித்திருந்த குடையாணியைத் தட்டிக் கழற்றிப் பூட்டைப் பிரித்தேன். ஏழு தகடும் வரிசையாக இருந்தன. அரம் போட்ட விதத்திலேயே எங்கள் தெருக் கை தெரிந்தது. ஐந்தை எடுத்துவிட்டு, மிச்ச இரண்டோடு மூடினேன். அப்பா இருந்திருந்தால் செருப்பால் அடித்திருப்பார்.

சாயங்காலம் அர்பாப் வந்தார். "அர்பாப், உங்ககிட்ட தப்பாச் சொல்லிட்டேன். இது நல்ல பூட்டு இல்ல. யார் வேணாலும் திறக்கலாம்" என்றேன். நூஹு பாய் கொண்டை ஊசி ஒன்றை உள்ளே விட்டு, சொல்லிவைத்தபடி இரண்டு திருகு திருகினார். திறந்துகொண்டது. பூட்டைத் தொட்டே பழக்கமில்லாத மனிதர்.

அர்பாப் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஹிந்தி மால்" என்று, இந்தியச் சரக்கு இவ்வளவுதான் என்பதுபோல, குப்பைக்கூடையில் போட்டார். இங்கிலீஷ் பூட்டு ஒன்று வரவழை, மூன்று சாவி வேண்டும், ஒன்று தம்பியிடம் இருக்கட்டும் என்றார். பிறகு நினைவு வந்தவராக என் காகிதத்தை இழுத்துக் கையெழுத்துப் போட்டார். "போய்ட்டு வா. உங்க ஊர்ல இதுதான் பெரிய பூட்டா?"

"ஆமா அர்பாப். எங்க ஊர்ப் பூட்டு அவ்வளவுதான்" என்றேன்.

எந்தத் திண்டுக்கல்காரனும் அதைச் சொல்லியிருக்க மாட்டான். ஐந்து தகடும் என் சட்டைப்பையில் கிடந்தன. மை காய்வதற்குள் காகிதத்தை மடித்து அதே பையில் வைத்ததில் கையெழுத்து கொஞ்சம் கலைந்துவிட்டது. அந்தக் கையெழுத்தைப் பார்த்து ஏர்போர்ட்டில் யாராவது கேட்பார்களோ என்று கடைசிவரை பயந்துகொண்டே போனேன். யாரும் கேட்கவில்லை.