இடப்பக்க இருக்கை

குமாரதாஸின் சவப்பெட்டியை வேனில் ஏற்றியதும் உறவுக்காரர்கள் காண்டசாவில் இடம்பிடிக்க முட்டிமோதினார்கள். அவருடைய பழைய கறுப்புக் கார் அது. ஆக்சிலேட்டரை மிதித்தால் தக்கலை ரோடே திரும்பிப் பார்க்கும். ஞாயிறுதோறும் கோயில் வாசலில் நிறுத்தி, அவரே சுற்றிவந்து சின்ன மகளுக்குக் கதவைத் திறந்துவிட்ட கார். இன்று மகன் ஜெஃப்ரின் ஓட்ட, மடிமேல் மடியாக ஏறிக்கொண்டார்கள். துக்கத்திலும் சொகுசு கேட்கிற சனங்கள்!

அந்த மகள் ரெஜிஷாவின் சின்னக் காரை ஒருவரும் ஏறிட்டுப் பார்க்கவில்லை.

"அத்த, நீங்களாவது பின்னால ஏறிக்கிடுங்க," என்றாள்.

"வேண்டாம் மக்கா. எங்க அண்ணன் ஏறாத வண்டி," என்று நேசம்மாள் அத்தை வேனுக்குப் போய்விட்டாள்.

அதுவும் உண்மைதான். ஓணம் முடிந்த கையோடு, ரெஜிஷா சொந்தச் சம்பளத்தில் வாங்கிய புதுக்காரைக் கோயில் முற்றத்தில் நிறுத்தியிருந்தாள். போதகர் பானெட்டில் கைவைத்து ஜெபித்தார். அடுத்து, வீட்டில் மூத்தவர் முன்னிருக்கையில் முதலில் உட்காரவேண்டும், அதுதான் வழக்கம். குமாரதாஸ் குனிந்து உள்ளே பார்த்தார்.

"இது வண்டியா, சோத்து டப்பாவா? கால எங்ஙன நீட்ட?"

"எந்தச் சந்துக்குள்ளயும் போகும்ப்பா. பெட்ரோலும் கொஞ்சம் போதும். ஒரே ஒரு தடவ ஏறுங்கப்பா."

"காண்டசாவுல போனா ராசா மாதிரி போலாம். இதுல நான் செத்தாலும் ஏறமாட்டேன், கேட்டியா?"

ஊரே கேட்கச் சொன்னார். அப்படியொரு வீம்பு மனுஷனுக்கு. மகள் மட்டும் இளைத்தவளா? அப்பா உட்காரும்வரை அந்த இருக்கையின் பிளாஸ்டிக் உறையைப் பிரிப்பதில்லை என்றிருந்தாள். வேறு யாரையும் அதில் உட்காரவிடவுமில்லை.

இப்போது எல்லாருக்கும் கடைசியாக, தனியாகக் கல்லறைத் தோட்டத்துக்கு ஓட்டினாள். உச்சி வெயில். ரப்பர்த் தோட்டத்து வளைவில் நிழல் விழுந்தபோது பக்கத்தில் பிளாஸ்டிக் நொறுநொறுத்தது. வெயிலுக்கு இளகியிருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

டிங். டிங். டிங்.

இடப்பக்கம் இருப்பவர் பெல்ட் போடவில்லை என்று சிவப்பு விளக்கு மின்னியது. இருக்கையில் ஒரு பூவிதழ்கூட இல்லை.

"கர்த்தாவே!" காரை ஓரங்கட்டினாள். இறங்கி ஓடிவிடக் கதவில் கைவைத்தவள் அப்படியே இருந்தாள். பயத்தை மீறிக்கொண்டு அழுகை வந்தது.

"அப்பா, பெல்ட்டப் போடுங்க."

சத்தம் நிற்கவில்லை. காண்டசாவில் அவர் பெல்ட் போட்டதே இல்லை, எங்கே தெரியப்போகிறது? அவளே எட்டிப் பட்டையை இழுத்து மாட்டினாள். டிங் ஓய்ந்தது. பட்டை இருக்கையோடு ஒட்டவில்லை, ஒரு சாண் விலகியே நின்றது.

பிறகு ஞாபகம் வந்தவளாக, அடியிலிருந்த கம்பியைத் தூக்கி, அவர் கால் நீட்ட வாகாக இருக்கையைப் பின்னால் தள்ளினாள். வெறும் இருக்கை நன்றாகக் கனத்தது.

மிச்ச வழியெல்லாம் பையவே ஓட்டினாள். கல்லறைத் தோட்டத்து வாசலில் காண்டசாவின் பின்னால் நிறுத்தியபோது உள்ளே பாட்டு முடிந்திருந்தது.

"பெட்டிய எறக்கப் போறாவ. சீக்கிரம் வாட்டி!" என்று ஜெஃப்ரின் கத்தினான்.

"இந்தா வாறேன்," என்றவள், காரைச் சுற்றிவந்து இடப்பக்கக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றாள்.