ஆவாரம்பட்டைச் சாறும் செண்பகத்தின் செல்களும்

செண்பகத்தின் மார்பிலிருந்து எடுத்த புற்றுநோய்ச் செல்கள் மேல்விஷாரத்தில் ஒரு கல்லூரி ஆய்வகத்தில் 'இன்னும், இன்னும்' என்று பேசத் தொடங்கின. அவை வளர்ந்த கண்ணாடித் தட்டின் மூடியைத் திறந்தால் கேட்கும், மூடினால் மங்கும். செல்லுக்குள் ஒரு புரதம் இன்னொன்றுக்கு 'வளரு' என்று சேதி கடத்தும் என்பதும், அந்தச் சேதி ஓயாமல் போவதுதான் இந்த நோய் என்பதும் ஆராய்ச்சி மாணவி தூபாவுக்குத் தெரியும். அதை நிறுத்தும் பொருள் ஏதாவது செடிகொடியில் இருக்கிறதா என்று தேடுவதுதான் அவள் வேலை. ஆகவே அதிகம் யோசிக்காமல் வேப்பிலையிலிருந்து பிரித்த சாற்றில் ஒரு துளியைத் தட்டில் விட்டாள். சத்தம் கம்மியாகவில்லை.

மறுநாள் செண்பகமே வந்து நின்றாள். கணியம்பாடிக்காரி, ஆம்பூர் ஷூ கம்பெனியில் தையல் மெஷினில் வேலை. ஆபரேஷனுக்குப் பிறகும் கட்டி திரும்பி வந்து, மருந்துக்கு அடங்காமல் இருந்தது. தன் சதையில் ஒரு துண்டை ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொள்ள ஆஸ்பத்திரியில் சம்மதம் சொல்லியிருந்தாள். அது எங்கே போனது என்று விசாரித்துக்கொண்டு பஸ் ஏறி வந்திருந்தாள்.

"நேத்து என் வாயில இன்னாம்மா ஊத்துனீங்க? ஒரே கசப்பு. சோறு எறங்கல."

தூபா தட்டை லேசாகச் சாய்த்துப் பார்த்தாள். செண்பகம் தடுமாறி மேசையைப் பிடித்துக்கொண்டாள்.

பேராசிரியர் தன்சீல் அகமது தட்டை, செல்களை வெதுவெதுப்பாக வைக்கும் இன்குபேட்டரில் வைத்துப் பூட்டிவிட்டார். "தட்டுன்னு நெனச்சு ஊத்திட்டிருந்தோம். இது மனுஷி. இனிமே ஒரு சொட்டு கூடாது." பூட்டியதால் செல்கள் சும்மா இருந்துவிடவில்லை. தட்டின் விளிம்புவரை நெருக்கியடித்து வளர்ந்தன. செண்பகத்துக்கு நாலு எட்டு வைத்தாலே மூச்சு வாங்கியது. கொட்டிவிடலாமென்றால், கொட்டினால் அவள் என்ன ஆவாள் என்று யாருக்கும் தெரியவில்லை. கடைசியில் அவளே மறுபடி வந்தாள்.

"பூட்டத் தொறங்க சார். ஊத்தலன்னா மட்டும் பொழச்சிடுவேனா? எதுனா போட்டுப் பாருங்க. நான் இங்கயே ஒக்காந்துக்கறேன்."

அவர் அவளுக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுவிட்டுப் பூட்டைத் திறந்தார்.

அடுத்து இருந்தது ஆவாரம்பட்டைச் சாறு, இந்தப் பக்கத்துத் தோல்ஷாப்புகளில் முன்பு தோல் பதனிட்ட அதே பட்டை. துளி விழுந்ததும் 'இன்னும்' திக்கியது, ஒரு கணம் நின்றும் போனது. அதற்குள் செண்பகத்தின் உள்ளங்கை பழுப்பேறி விறைத்தது. அறையில் பதனிட்ட தோலின் வாடை அடித்தது.

"தூபா, வெரலு மடங்க மாட்டேங்குது. முழங்கைக்கு ஏறுதும்மா."

தூபா தட்டைத் திரும்பத் திரும்பக் கழுவினாள். தோல் இளகியது. சத்தமும் திரும்பி வந்தது.

"போதும்" என்றார் தன்சீல் அகமது.

"நடுவுல நின்னுச்சு சார். நீங்களும் கேட்டீங்கல்ல?" என்றாள் தூபா.

அவரும் கேட்டிருந்தார். பட்டையின் துவர்ப்பு கண்டதையெல்லாம் இறுக்கும்; சேதியை நிறுத்தியது அதனுள் இருக்கும் வேறொன்றாகத்தான் இருக்கவேண்டும். துவர்ப்பைப் பிரிக்க அவர் தம்பியின் தோல்ஷாப்பிலிருந்து இன்னும் பதனிடாத பச்சைத்தோலின் தூள் கொண்டுவந்தார். சாற்றில் போட்டுக் குலுக்கியதும் தூள் துவர்ப்பைக் குடித்துக்கொண்டது. மிஞ்சியது வெளிர் மஞ்சளாய்க் கொஞ்சம் நீர்.

"போடட்டுமாக்கா?"

"போடு."

'இன்னும்' மெலிந்தது, இடைவெளி விட்டது, நின்றது. செண்பகத்தின் தலை தொங்கியது. தூபா மணிக்கட்டில் நாடியைத் தேடினாள், அகப்படவில்லை. கழுவலாமா என்று தட்டை எடுத்தாள், கழுவினால் மறுபடி அதே சத்தம்தானே என்று வைத்தாள், மறுபடி எடுத்தாள். தன்சீல் அகமதின் உதடுகள் துஆ ஓதிக்கொண்டிருந்தன. அப்போது செண்பகம் கண் திறக்காமலே சொன்னாள்:

"பசிக்குதும்மா."

பேராசிரியர் கேன்டீனுக்கு ஓடிப்போய் மிச்சமிருந்த எலுமிச்சை சாதத்தை வாங்கிவந்தார். தூபா தரையில் உட்கார்ந்து அழுதாள். செண்பகம் முழுவதும் சாப்பிட்டுவிட்டு ஊறுகாய் இருக்கிறதா என்று கேட்டாள்.

கட்டி அதன்பின் வளரவில்லை, கரையவுமில்லை. வேறு யாருடைய செல்லும் பேசாததால் இதைக் கட்டுரையாக எழுத வழியில்லாமல் போனது. தூபா வேறு செடிகளை ஆராய்ந்து பட்டம் வாங்கி அங்கேயே வேலைக்குச் சேர்ந்தாள். மஞ்சள் நீரின் வீரியம் குறையும் முன் யாராவது தட்டில் புதிதாக விடவேண்டும். ரம்ஜானிலும் பொங்கலிலும்கூட அதற்கு ஆள் வருகிறது. செண்பகம் ஷிப்டுக்குப் போகிறாள். கரண்ட் போனால் கல்லூரி ஜெனரேட்டர் முதலில் தட்டு இருக்கும் அந்த அறைக்குத்தான் ஓடுகிறது. கல்லூரி முதல்வர் தன் அறையில் ஃபைலால் விசிறிக்கொண்டு காத்திருக்கிறார்.