சத்தம் போடாமல் விழுந்தவன்

போல்டர் ஊருக்குத் தெற்கே இருக்கிற அந்தச் செங்குத்துப் பாறையில் இரண்டாம் உலகப் போருக்கு முன்னால் ஒருத்தனும் கை வைத்ததில்லை. அது சணல் கயிற்றுக் காலம். முன்னால் ஏறுகிறவன் விழுந்தால் கயிறும் அறும், ஆளும் போவான். அதனால் அவன் விழவே கூடாது என்பதுதான் சட்டம். பிறகு போர் வந்தது, மலைப்படை வந்தது, கூடவே நைலான் கயிறும் வந்தது. இழுத்தால் நீளும், லேசில் அறாது. போர் முடிந்ததும் கயிறு, பாறை ஆணி, கொக்கி வளையம் எல்லாவற்றையும் ராணுவம் அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிட்டது. பழைய சிப்பாய்கள் அதை அள்ளிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமையானால் பாறைக்குக் கிளம்பிவிடுவார்கள். இத்தாலியில் ஏறினது போதாதா என்று வீட்டில் கேட்டால் வாயே திறக்க மாட்டார்கள்.

ஓரின் ஹாஸ்கெல் அந்தப் படையில் சார்ஜென்டாக இருந்தவன். பயிற்சி முகாமில் பாறை ஏறக் கற்றுக்கொடுத்ததே அவன்தான். டெல்மார் வாஸ் அவனிடம் கற்றவன். ஊர் திரும்பியதும் ஓரினுடைய தங்கை லெனோராவைக் கட்டிக்கொண்டான். கல்யாணமாகி இன்னும் ஒரு வருஷம் ஆகவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் லெனோரா கார் வரைக்கும் வந்து, காப்பி பிளாஸ்க்கை அண்ணன் கையில் கொடுத்தாள்.

"அண்ணா, இவரை நம்பி நான் அனுப்பல. உன்னை நம்பித்தான் அனுப்புறேன்."

"கேட்டுக்கோ மச்சான். நான் விழுந்தா உதை உனக்குத்தான்" என்று டெல்மார் சிரித்தான்.

பாறையில் பக்கத்து வழியில் பல்கலைக்கழகத்துப் பையன்கள் ஏறிக்கொண்டிருந்தார்கள். கால் கொஞ்சம் வழுக்கினாலும் போதும், "விழுறேன், விழுறேன்" என்று மலையே அதிரக் கத்துவார்கள். சிப்பாய்களுக்கு அது ஒரே கேலி. ஓரினுடைய முகாமில் வேறு பாடம். ஆளைக் கயிற்றில் கட்டிப் பாறையிலிருந்து அவனே தள்ளிவிடுவான். கத்தினவன் மறுபடி மேலே போய் மறுபடி விழ வேண்டும், சத்தம் வராமல் விழும்வரைக்கும். எதிரி உட்கார்ந்திருக்கிற முகட்டுக்கு இருட்டில் ஏறும்போது ஒருத்தன் அலறினால் அத்தனை பேரும் சவம். அது உண்மைதான். இத்தாலியில் டெல்மாருக்குப் பக்கத்தில் ஏறிய ஒருவன் அப்படித்தான் வாயை மூடிக்கொண்டே விழுந்து செத்தான், மற்றவர்கள் பிழைத்தார்கள். தன் பாடம் வீண் போகவில்லை என்று ஓரினுக்கு அதில் பெருமைகூட இருந்தது, பாவி.

தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்கள். முகாம் பழக்கம் மட்டும் விட்டுவிடுமா என்ன?

அன்று டெல்மார் முன்னால் ஏறி, மேலே துருத்திக்கொண்டிருந்த பாறையைத் தாண்டிக் கண்ணுக்கு மறைந்துவிட்டான். கீழே திட்டில் ஓரின் கயிற்றை இடுப்பைச் சுற்றிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான். கால் மரத்துப்போயிருந்தது. காலை மாற்றிப் போடுவதற்காகக் கயிற்றைக் கொஞ்சம் தளர்த்தினான். மேலே ஒரு சத்தமும் இல்லை; அவசரமென்றால் சொல்லாமலா இருப்பான் என்ற நினைப்பு.

டெல்மார் சொல்லவில்லை. சத்தமே இல்லாமல் வந்தான்.

தளர்வாகக் கிடந்த கயிறு விருட்டென்று ஓடியது. ஓரின் இறுக்கிப் பிடித்தான். தோல் கையுறை தீய்ந்து உள்ளங்கை வெந்தது. டெல்மார் மேலே அடித்துக் கயிற்றை மாட்டியிருந்த ஆணி பிடுங்கிக்கொண்டு வரவில்லை, கயிறும் அறவில்லை. தளர்ந்திருந்த அளவு இறங்கி, அதற்கு மேலும் நீண்டு கொடுத்தது. அந்த நீளத்துக்குள் பாறை விளிம்பு ஒன்று இருந்தது. டெல்மாரின் தலை அதில் மோதியது. ஓரின் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தான். கயிற்றில் தொங்கியவன் அசையவில்லை. ஒரு வார்த்தை கத்தியிருந்தால், கயிற்றைச் சுருட்டி இழுத்திருக்கலாம். ஆள் பிழைத்திருப்பான். கத்தாதே என்று சொல்லிச் சொல்லித் தள்ளிவிட்டது யார்?

சாயங்காலம் ஓரினே போய்த் தங்கையிடம் சொன்னான். அவள் சமையலறை நாற்காலியில் உட்கார்ந்து, அழாமல், அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்றே ஒன்று கேட்டாள்.

"கடைசியா ஏதாவது சொன்னாரா?"

உண்மை ஓரினுடைய நாக்கு நுனி வரைக்கும் வந்தது. ஒன்றும் சொல்லவில்லை, சொல்லவிடாமல் பழக்கினவனே நான்தான் என்று சொல்லியிருக்கலாம். அவள் கண்ணைப் பார்த்ததும் அவனுக்கு மனசு வரவில்லை.

"உன் பேரைச் சொல்லிக் கத்தினாம்மா."

அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. தன் மடியிலேயே முகம் புதைத்து அழுதாள். இதையாவது கொடுத்தோமே என்றிருந்தது ஓரினுக்கு.

பிறகு அழுகை நின்றது. அவள் நிமிர்ந்து, துணி சுற்றியிருந்த அவன் கைகளைப் பார்த்தாள்.

"கத்தினாரா?"

"ம்."

"அப்போ உனக்குக் கேட்டிருக்கு. கேட்டும் விட்டுட்டியாண்ணா?"

ஓரின் வாயைத் திறந்தான். இனி உண்மையைச் சொன்னால், அவளுக்கென்று மிச்சமிருந்த அந்த ஒரு கூப்பாட்டையும் பிடுங்கிக்கொள்ள வேண்டும்.

"ஆமா" என்றான்.

லெனோரா எழுந்து போய் வாசல் கதவைத் திறந்து, அவன் வெளியே போகிறவரைக்கும் அதைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.