சந்திப்பு நேரம்

பெரியவள் ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டை வெளியே இழுத்துப் போட்டு மூலைமூலையாகத் துடைத்துக்கொண்டிருந்தாள். கூடத்தில் அவள் தங்கையைக் கட்டிலில் கிடத்தியிருந்தார்கள். துணியை அலச எழும்போதெல்லாம் சமையலறை வாசல் வழியாகத் தங்கையின் பாதங்கள் கண்ணில் பட்டன. பார்த்தும் பார்க்காத மாதிரி திரும்பி வந்து, துடைத்த இடத்தையே மறுபடியும் துடைத்தாள்.

அவள் புருஷன் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றான். லிஃப்ட் மெக்கானிக். பேச்சை அளந்து வைத்திருப்பவன்.

"சாவு வீட்ல யாராவது ஃபிரிட்ஜ் கழுவுவாங்களா? வந்தவங்க ஒரு மாதிரி பாக்கறாங்க."

"பாத்தா பாத்துட்டுப் போகட்டும். மேடம் வந்தா நேரா இங்கதான் வருவாங்க. நீங்க போய் பால், முட்டை, கொஞ்சம் பழம் வாங்கிட்டு வாங்க. பழம் நல்லதாப் பாத்து வாங்குங்க."

அவன் பையை எடுத்துக்கொண்டு படியிறங்கினான்.

மேடம் என்றால் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலகத்து அதிகாரி. சின்னவளுக்கு ஒரே மகள், ஏழு வயது. ஆளும் சிறுசு, பேச்சும் காரம் என்பதால் வீட்டில் அவளுக்கு மிளகு என்று பெயர். அப்பன்காரன் அவள் பிறக்கும் முன்பே கழன்றுகொண்டவன். சின்னவளுக்கு ஆஸ்பத்திரியில் தரை துடைக்கும் வேலை, அதுவும் ராத்திரி ஷிஃப்ட். பிள்ளையைத் தூங்க வைத்து, வெளியே பூட்டிவிட்டுப் போவாள். வேறு வழி இருந்தால் சொல்லுங்கள் என்று கேட்டால் யாருக்கும் சொல்லத் தெரியாது. ஒருநாள் பிள்ளை பாதித் தூக்கத்தில் விழித்து, ஜன்னல் கம்பியில் ஏறி நின்று தெருவே விழிக்கும்படி கத்தியது. எதிர்வீட்டுத் தையல்காரம்மா அலுவலகத்துக்கு ஃபோன் செய்துவிட்டாள். விடிந்து சின்னவள் திரும்பி வந்தபோது பூட்டு உடைந்திருந்தது, மிளகு காப்பகத்தில் இருந்தாள்.

அதற்குப் பிறகு மேடம் முன்னறிவிப்பு இல்லாமல் வருவாள். வந்ததும் முதல் வேலை ஃபிரிட்ஜைத் திறந்து பார்ப்பது. சின்னவள் அவளுக்கு ஃபிரிட்ஜ் மேடம் என்று பெயர் வைத்திருந்தாள். அக்கா வீட்டுக்கு வந்தால் இடுப்பில் கை வைத்து, கழுத்தை நீட்டி, அலமாரிக்குள் தலையை விட்டு அப்படியே நடித்துக் காட்டுவாள். "ஒரு தக்காளிக்கு ஒரு மார்க்கு, ரெண்டு தக்காளிக்கு ரெண்டு மார்க்கு. அழுகின தக்காளிக்கு மைனஸ்," என்று சொல்லிச் சிரிப்பாள். ஆனால் தன் வாயில் போடாமல் ஃபிரிட்ஜை நிரப்பி வைத்தாள். குடிக்க ஆளில்லாத பால் திரிந்துபோகும், கொட்டிவிட்டு வேறு பால் வாங்கி வைப்பாள். குழந்தைக்குத் தனி அறை வேண்டும் என்றார்கள், இந்த இரண்டு அறை வீட்டுக்கு மாறினாள். ராத்திரி வேலை கூடாது என்றார்கள், பகலுக்கு மாறினாள். வாடகை கட்டுவதற்காக அந்தப் பகலிலேயே இரண்டு இடத்தில் துடைத்தாள். மூச்சு வாங்குகிறது என்று அக்காவிடம் இரண்டு முறை சொன்னாள். மிளகு வரட்டும், அப்புறம் டாக்டரிடம் போகலாம் என்றாள். நேற்றுச் சாயங்காலம் வேலை முடிந்து வந்து, செருப்பைக் கழற்ற வாசலில் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை.

காலையிலிருந்து பெரியவளுக்கு ஒரே எண்ணம்தான். சவ வண்டி வந்து தூக்குவதற்கு முன்னால் மிளகு அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட வேண்டும். மேடத்துக்கு ஃபோன் செய்தாள். மேலதிகாரி ஒத்துக்கொள்ளவில்லை, குழந்தைக்குச் சாவைக் காட்டுவது நல்லதில்லை என்கிறார் என்றாள் மேடம். பெரியவள் கெஞ்சினாள், பிறகு கத்தினாள், பிறகு மறுபடியும் கெஞ்சினாள். கொஞ்ச நேரம் கழித்து மேடமே கூப்பிட்டாள். தன் பொறுப்பில் கூட்டிவருவதாகச் சொன்னாள். ஆனால் கூட்டம் இருக்கக்கூடாது, யாரும் அழுது புரளக்கூடாது, பிள்ளை மிரண்டுபோனால் அந்த நிமிஷமே திருப்பிக் கூட்டிக்கொண்டு போய்விடுவேன் என்றாள்.

"இங்க யாரும் அழமாட்டாங்க மேடம். அதுக்கு நான் பொறுப்பு," என்று பெரியவள் வாக்குக் கொடுத்துவிட்டாள்.

காரணமில்லாமல் கொடுத்த வாக்கு இல்லை அது. முன்பெல்லாம் வாரம் ஒருமுறை அலுவலகத்தில் அம்மாவும் பிள்ளையும் பார்த்துக்கொள்ள விடுவார்கள். ஒரு மேஜை, எதிரெதிரே நாற்காலி, மூலையில் மேடம். முடிந்து திரும்பும்போது மிளகு வழியெல்லாம் அழுவாள், அன்றைக்குச் சாப்பிட மாட்டாள். சந்திப்பு குழந்தையைப் பாதிக்கிறது என்று யாரோ எழுதினார்கள். வாரம் ஒருமுறை என்பது மாதம் ஒருமுறை ஆனது. அம்மாவை விட்டுப் பிரிகிற பிள்ளை அழாமல் ஆடிப் பாடுமா என்று கேட்க அந்த அலுவலகத்தில் ஒரு நாதி இல்லை. அழுதால் என்ன நடக்கும் என்று இந்தக் குடும்பத்துக்கு அப்படித்தான் தெரிந்தது.

ஆகவே பெரியவள் வீட்டை அடக்கினாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த சின்னவளின் கூட்டாளிகளைப் படிக்கட்டில் உட்காரச் சொன்னாள். அடகுச் சீட்டுகளைப் பரணில் எறிந்தாள். மிளகுக்கென்று வண்ணம் பூசி வைத்திருந்த அறையில் மெத்தை விரிப்பை இழுத்துவிட்டாள். கட்டிலின் தலைமாட்டில், பழைய தெருவிலிருந்து வந்திருந்த தையல்காரம்மாதான் எல்லாரையும்விடச் சத்தமாக அழுதுகொண்டிருந்தாள். பெரியவள் ஒரு டம்ளர் தண்ணீரோடு போய் அவள் காதுப் பக்கம் குனிந்தாள்.

"உங்க ஃபோன்ல ஆரம்பிச்சதும்மா இது. உங்க சத்தத்தால அந்தப் பிள்ளை அம்மாவப் பாக்க முடியாமப் போயிடக்கூடாது."

தையல்காரம்மா தண்ணீரை வாங்கிக்கொண்டாள். கைக்குட்டையைச் சுருட்டி வாய்க்குள் வைத்துக்கொண்டு குலுங்கினாள். சொல்லியிருக்க வேண்டாம் என்று பெரியவளுக்குத் தோன்றியது. ஆனாலும் வீடு அடங்கிவிட்டது. பெரியவள் இன்னும் ஒரு சொட்டு அழவில்லை. கூடப் பிறந்தவள் செத்ததற்கு அழ நேரமில்லை என்றால் யார் நம்புவார்கள்.

வண்டி வந்துவிட்டது. ஓட்டுநருக்கு அடுத்து வேறொரு சாவு வீடு இருந்தது, கீழே ஹாரன் அடித்தான். மெக்கானிக் இறங்கிப் போய் அவனோடு என்னவோ பேசினான், அதற்குப் பிறகு ஹாரன் கேட்கவில்லை. பெரியவள் ஜன்னலுக்கும் சமையலறைக்குமாக நடந்தாள். வெயில் தாழ ஆரம்பித்தபோது தெருமுனையில் ஒரு கார் திரும்பியது.

மேடம் மட்டும்தான் மேலே வந்தாள். மிளகு காப்பகத்து ஆயாவோடு காரில் இருப்பதாகச் சொன்னாள். தலை வாராமல், கசங்கிய சட்டையோடு, தூக்கத்தைப் பார்த்து நாளானவள் மாதிரி இருந்தாள். கட்டிலருகே போய்க் கைகட்டி நின்றாள். உதடு அசைந்தது. பிறகு திரும்பி நேராகச் சமையலறைக்குள் நடந்து ஃபிரிட்ஜைத் திறந்தாள்.

பால், முட்டை, பழம், கழுவி அடுக்கிய காய்கறி. எல்லாம் இவளுக்காகத்தான். காலையிலிருந்து இந்த ஒரு நிமிஷத்துக்காகத்தான் பெரியவள் கை தேயத் துடைத்திருந்தாள். அப்படியிருந்தும் அந்தக் கதவு திறந்ததும் அவளுக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது.

"இன்னைக்குமா மேடம்?"

மேடம் கதவைப் பிடித்திருந்த தன் கையைப் பார்த்தாள். மெதுவாக மூடினாள்.

"கை தானாப் போயிடுச்சும்மா. முன்னாடி ஒரு வீட்ல, எல்லாரும் நல்லவங்களாத் தெரிஞ்சாங்க, திறந்து பாக்காம வந்துட்டேன். அந்தக் குழந்தை இப்ப இல்ல. அதுலேருந்து எந்த வீட்டுக்குப் போனாலும் இதைத்தான் முதல்ல திறக்கறேன்."

"என் தங்கச்சி அப்படிப்பட்டவ இல்ல."

"தெரியும். ரொம்ப நாளாவே தெரியும். பிள்ளைய அனுப்பலாம்னு எழுதிட்டேன். மேல இருக்கறவங்க இன்னும் கொஞ்ச நாள் பாருன்னாங்க. நான் சண்டை போட்டிருக்கணும். கையில எண்பது பிள்ளைங்க, எந்தப் பிள்ளைக்குச் சண்டை போடறது, எதை விடறது."

பெரியவளுக்கு அவள் கழுத்தைப் பிடிக்கலாம் போலவும் இருந்தது, ஒரு வாய் காபி கொடுத்து உட்கார வைக்கலாம் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யவில்லை. மிளகை இனி நான் வைத்துக்கொள்கிறேன் என்றாள். அதற்கென்ன வழி என்று மேடம் நிதானமாகச் சொன்னாள். மனு கொடுக்க வேண்டும், விசாரிப்பார்கள், பிறகு வீட்டை வந்து பார்ப்பார்கள். பெரியவளின் சொந்த ஃபிரிட்ஜ் போன கோடையில் கெட்டுப்போய், மெக்கானிக்காலேயே சரிசெய்ய முடியாமல், அதில் இப்போது செருப்பு அடுக்கியிருந்தது. அது நினைவு வந்ததும், இதைச் சின்னவளிடம் சொன்னால் விழுந்து விழுந்து சிரிப்பாளே என்று தோன்றியது. நேற்றுவரை சொல்லியிருக்கலாம்.

"வீடு அமைதியாத்தான் இருக்கு. கூட்டிட்டு வரேன்," என்று மேடம் கீழே இறங்கினாள்.

மிளகு வந்தாள். இறுக்கிப் பின்னிய சடை, தோய்த்து மடித்த உடை. படிக்கட்டில் உட்கார்ந்திருந்தவர்கள் மூச்சுக்கூட விடாமல் வழிவிட்டார்கள். தையல்காரம்மா கைக்குட்டையை வாயில் அழுத்திக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பினாள். மிளகு கூடத்தின் நடுவில் நின்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். பெரியம்மாவைப் பார்த்தபோது அவளிடம் ஓடி வரவில்லை. சுவரோரம் கிடந்த நாற்காலி ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்து கட்டிலுக்கு எதிரே போட்டு, ஏறி உட்கார்ந்து, இரண்டு கையையும் முழங்காலில் வைத்துக்கொண்டாள்.

"அம்மா, எனக்குப் பல் விழுந்துடுச்சு," என்று வாயைத் திறந்து காட்டினாள்.

பெரியவள் அவள் பக்கத்தில் தரையில் மண்டியிட்டாள்.

"கண்ணு, அம்மா…"

"தெரியும் பெரியம்மா. செத்துட்டாங்க. மேடம் கார்ல சொன்னாங்க."

சொன்ன பிறகு பிள்ளையின் முகவாய் ஆட ஆரம்பித்தது. கீழுதட்டைப் பல்லால் பிடித்துக்கொண்டாள். விழுந்த பல்லின் இடைவெளி வழியாக மூச்சு சீறிச் சீறி வந்தது. முழங்காலில் இருந்த விரல்கள் உடையைத் திருகின. மேல்மூச்சு வாங்கியபோதும் சத்தம் வரவில்லை.

"அழணும்னா அழும்மா. பரவாயில்ல," என்றாள் பெரியவள்.

மிளகு மூலையில் நின்ற மேடத்தை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு, பெரியம்மாவின் காதுக்குள் குசுகுசுவென்று சொன்னாள்.

"அழுதா அடுத்த தடவை விடமாட்டாங்க. அம்மாதான் சொல்லிக் குடுத்தாங்க. எல்லாரும் தூங்கினப்புறம் போர்வைக்குள்ள அழுதுக்கணுமாம். பாருங்க, இங்க யாருமே அழல. நானும் அழமாட்டேன்."

காலையிலிருந்து ஒவ்வொருவரிடமாகப் போய் பெரியவள் அடக்கிய அழுகையெல்லாம் இந்தப் பிள்ளையின் தலையில் வந்து உட்கார்ந்திருந்தது. இனி எப்படி மாற்றிச் சொல்வது, சொன்னால்தான் பிள்ளை நம்புமா. மேடத்துக்கும் கேட்டுவிட்டது. அவள் வந்து குனிந்தாள்.

"இன்னைக்கு அழலாம்மா. நான் எதுவும் எழுதமாட்டேன். சத்தியமா."

மிளகு அவளை நிமிர்ந்து பார்த்தாள். பெரியவர்கள் சோதிக்கும்போது பிள்ளைகள் பார்க்கிற பார்வை அது. இல்லை என்று தலையை ஆட்டிவிட்டு, உதட்டை இன்னும் அழுத்திக் கடித்துக்கொண்டாள். மேடம் நிமிர்ந்து ஜன்னல் பக்கம் போய்விட்டாள், அவள் தோள் ஆடியது. பெரியவள் வாய்விட்டு அழப் பார்த்தாள், பிள்ளைக்காகவாவது அழ வேண்டும் என்று பார்த்தாள். ஒரு பொட்டுக்கூட வரவில்லை.

தூக்குகிறவர்கள் வாசலில் வந்து நின்றார்கள். மிளகு அவர்களைப் பார்த்தாள்.

"நேரம் முடிஞ்சிடுச்சா மேடம்?"

கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு மிளகு தானாகவே இறங்கினாள். நாற்காலியைத் தரையில் உரசாமல் இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு போய், எடுத்த இடத்திலேயே சுவரோரம் வைத்தாள்.