செங்கல் களத்தில் மணிக்கூண்டின் நிழல்

பழைய நகரத்து மணிக்கூண்டில் மராமத்து தொடங்கிய வாரத்திலிருந்து அதன் நிழல், பேருந்தில் இரண்டு மணிநேரம் தள்ளியிருந்த ஒரு கிராமத்தில், செங்கல்காரி ஒருத்தியின் களத்தில் மட்டும் பிற்பகல்தோறும் விழுந்தது. வழியிலிருந்த சிற்றூர்களில் விழவில்லை; அங்கே எல்லோரும் வழக்கம்போல வெயிலில் வாடினார்கள். நில அளவைக்காரர் ஒருவர் வந்து சங்கிலியைப் போட்டுப் பார்த்தார். நிழல் இருப்பது உண்மைதான், ஆனால் களம் சொந்தப் பட்டா நிலம், தனக்கு இதில் வேலையில்லை என்று சொல்லி, ஒரு சொம்புத் தண்ணீர் குடித்துவிட்டுப் போனார்.

நிழல் பட்ட வரிசையில், இன்னும் சூளையில் வைக்காத பச்சைக்கற்கள் காயவில்லை. செங்கல்காரி வாய்க்கு வந்தபடி மணிக்கூண்டைத் திட்டினாள். திட்ட அவளுக்கு வேறு காரணமும் இருந்தது. அவள் கணவன் கொத்தனார். அந்த மணிக்கூண்டில்தான் வேலை. களத்தைப் பார்க்க ஆள் வேண்டும், போகாதே என்று அவள் சொல்ல, இங்கே கல் அறுத்துச் சாவதைவிட நானூறு வருஷத்துக் கல்லைத் தொட்டுவிட்டுச் சாகிறேன் என்று அவன் சொல்ல, அப்படியானால் அந்தக் கல்லோடேயே குடும்பம் நடத்து என்று அவள் முடிக்க, பையைத் தூக்கிக்கொண்டு போனவன்தான். பழைய கோட்டைச் சுவரை ஒட்டிய அறையொன்றில் மற்ற வேலையாட்களோடு தங்கினான். பேச்சுவார்த்தை அறுந்துபோயிற்று.

ஒருநாள் நிழலின் உச்சியில் விரல் உயரத்துக்கு ஓர் ஆள் குனிந்து நிமிர்வதைப் பார்த்தாள். இடது தோள் சற்றே இறங்கியிருந்தது. அவன்தான். அவள் கோபத்தில் பாதி அங்கேயே கரைந்தது. மீதியைப் பத்திரமாக வைத்துக்கொண்டாள். மறுநாளிலிருந்து அந்த வரிசையில் கல் அறுக்கவில்லை. நகரத்தை ஒருமுறைகூடப் பார்த்திராத பக்கத்து வீட்டுப் பெண்கள் வேலியோரம் வந்து நின்றார்கள். தங்கள் காலடியில் அத்தனை பெரிய மணிக்கூண்டு படுத்திருப்பதையும், அதன் மாடங்களிலிருந்து புறா நிழல்கள் எழுந்து பறப்பதையும் பார்த்துத் தாமாகவே குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள்.

மழைக்காலத்துக்குச் சற்று முன், நல்ல வெயிலில், சாரத்தின் நிழலில் ஒரு பலகை பிறழ்ந்தது. விரல் உயர ஆள் உச்சியிலிருந்து சரிந்தான். செங்கல்காரி மண்ணில் விழுந்து இரண்டு கையாலும் அந்த நிழலின் இடுப்பைப் பிடித்தாள். முதலில் ஈரத்துணி போலிருந்தது. பிறகு ஓர் ஆளின் முழுக் கனமும் வந்தது. அது அவளைக் களத்தின் குறுக்கே இழுத்துக்கொண்டு போக, கல் வரிசைகள் சரிந்தன. அவளுடைய நாத்தனார் ஓடிவந்து அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். வேலியோரப் பெண்கள் நாத்தனாரைப் பிடித்துக்கொண்டார்கள்.

நாத்தனார் ஒரு கையால், மணிக்கூண்டில் அண்ணனுக்கு வேலை கொடுத்திருந்த மேஸ்திரிக்குப் போன் போட்டாள். “மேஸ்திரி, சீக்கிரம் ஏணி வைங்க! அண்ணி பிடிச்சிக்கிட்டு இருக்காங்க!”

மேஸ்திரி அண்ணாந்து பார்த்தார். கொத்தனார் மணிக்கூண்டின் பாதி உயரத்தில், எதிலும் படாமல், காற்றில் இடுப்பு மடங்கித் தொங்கினான். தீயணைப்பு நிலையத்துக்கு ஒருவனை ஓடவிட்டுவிட்டு, “இன்னும் எவ்வளவு நேரம் தாங்குவாங்க?” என்று கேட்டார்.

“அவங்க தாங்குவாங்க. மேகம் வருதே, வெயில்தான் தாங்காது!”

தெற்கேயிருந்து மேகம் வயல்களை ஒவ்வொன்றாக இருட்டாக்கிக்கொண்டு வந்தது. செங்கல்காரி அதைப் பார்க்கவில்லை. “விட மாட்டேன், போ. உன்னால முடிஞ்சதைப் பாரு,” என்று பல்லைக் கடித்துக்கொண்டு மண்ணைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தாள். தீயணைப்பு ஏணி அவன் காலுக்கு எட்டியபோது, அவள் கையில் கனம் சட்டென்று இல்லாமற்போயிற்று. மேகம் களத்தை மூடியது. நிழல் இருந்த இடத்தில் அவள் கைகள் மட்டும் இருந்தன.

மறுநாள் முதல் பேருந்தில் அவன் வந்தான். சட்டையைத் தூக்கிக் காட்டினான். இடுப்பைச் சுற்றி ஒவ்வொரு விரலும் ஒவ்வொரு செங்கல் அகலத்துக்குப் பதிந்திருந்தது. “இவ்வளவு இறுக்கியா பிடிக்கிறது?”

“விட்டிருக்கணுமா?”

“சேச்சே,” என்றான். சட்டையை இறக்கிவிட்டு, சரிந்த கற்களை எடுத்து அடுக்கத் தொடங்கினான். அவள் அவனுக்குக் கஞ்சி கொண்டுவந்து வைத்தாள். அடுத்த வாரம் மணிக்கூண்டு வேலைக்கு அவளே அவனைப் பேருந்து ஏற்றிவிட்டாள்.

மற்ற வேலையாட்களின் அம்மாக்களும் மனைவிகளும் சுற்றியுள்ள ஊர்களிலிருந்து முறைவைத்துக் களத்துக்கு வந்து உட்கார ஆரம்பித்தார்கள். மராமத்து முடியப் பல வருஷம் ஆயிற்று. வானம் மூட்டமாக இருந்தால் அன்று மணிக்கூண்டில் யாரும் ஏறுவதில்லை. பார்க்க வந்தவர்கள் ஏன் வேலை நடக்கவில்லை என்று கேட்டால், மேஸ்திரி டீயை ஆற்றிக்கொண்டே, “கீழே பிடிக்க ஆள் இல்லைங்க,” என்பார்.